நான்காம் படகின் முட்டைகள்

எங்கள் அத்தையிடம் ஐந்து படகுகள் இருக்கின்றன என்று பள்ளியில் பீற்றிக்கொள்வேன். உண்மையில் அவை ஏரியில் படகுச் சவாரி விடும் காண்ட்ராக்டருடையவை. அவற்றைச் சாயங்காலம் கம்பங்களில் கட்டிவைத்து, காலையில் அவிழ்த்துவிடுவதுதான் அத்தையின் வேலை. கயிற்றை இழுத்துக் கட்டக் கூடாது. மழையில் ஏரி ஏறினால் படகும் கூடவே ஏற ஒரு முழம் தளர விட வேண்டும். தொண்ணூறுகளில் நாங்கள் ஜீவனஹள்ளியில் ஒரே வீட்டில் குடியிருந்த காலம் அது. தங்கவயலிலிருந்து கொண்டுவந்த சுரங்கத் தூசியை மாமா வீட்டோடு கிடந்து இருமிக்கொண்டிருந்தார். அதனால் அத்தைக்கு ஏழு நாளும் ஏரிதான். கடைசி முடிச்சைப் போட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்தால், எழுந்திருக்க அவளுக்கு என் தோள் வேண்டும்.

நான்காம் படகு ஓட்டை.

"அடியில வெடிப்பு கீது சார். ஞாயித்துக்கெழம எட்டு பேர் ஏறுனா தாங்காது."

"டப்பாவால எறச்சு ஊத்தும்மா. ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

மூன்று மாதமாகக் காண்ட்ராக்டரிடமிருந்து இதே பதில். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

ஒரு சனிக்கிழமை காலை, நான்காம் படகின் பலகையில் கோரைப்புல் கூடு ஒன்று இருந்தது. உள்ளே இரண்டு முட்டைகள். அது பறவைகளுக்கென்று பாதுகாக்கப்பட்ட ஏரி. ஏரிக் காவலர் ஷூ நனையாமல் படியில் நின்றபடியே எட்டிப் பார்த்து, குஞ்சு பொரிக்கும்வரை படகை யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். காண்ட்ராக்டர் பல்லைக் கடித்தார். அத்தை ஒன்றும் அறியாதவள்போல நின்றாள்.

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளி விட்டதும் ஓடிவந்து காத்திருப்பேன். தாய்ப்பறவை ஒரு நாளும் வரவில்லை.

"உன்னப் பாத்து பயந்துகினு போயிருக்கும்," என்றாள் அத்தை. அதை நம்பி மூன்று நாள் ஏரிப்பக்கமே போகாமல் இருந்தேன். கூடு தென்பட்ட அந்த வாரம் மாமாவுக்காக வாங்கிய நான்கு வாத்து முட்டைகளில் குழம்பில் இரண்டுதான் மிதந்தன. மீதி எங்கே என்று மாமா கேட்டதும் என் காதில் விழுந்தது. கணக்குப் பாடத்தில் நான் என்றுமே கெட்டிக்காரி இல்லை.

மூன்றாம் வாரம் சனிக்கிழமை மழை கொட்டித் தீர்த்தது. ஞாயிறு காலை, நான்காம் கம்பத்துக் கயிறு விறைப்பாகத் தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. படகைக் கரைக்கு இழுத்துப் போட்டார்கள். அடிப்பலகையில் என் கை நுழையும் அளவுக்கு வாய் பிளந்திருந்தது வெடிப்பு.

நான் தேம்பித் தேம்பி அழுதேன். "நீதான் கொன்னுட்ட! மழைக்கு முன்னாடியே கூட்ட எடுத்து வெச்சிருக்கலாம் இல்ல?" என்று அத்தையின் முதுகில் குத்தினேன். அவள் தடுக்கவில்லை. படியில் உட்கார்ந்து, படகேற வரிசையில் நின்ற பிள்ளைகளையும் அந்த வெடிப்பையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு முட்டையோட போச்சு கண்ணு," என்றாள். மறுபடியும், "ரெண்டு முட்டையோட போச்சே!"

முட்டை செத்ததற்கு ஒருத்தி இப்படியா நிம்மதியாக மூச்சு விடுவாள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்திருக்க அவள் கையை நீட்டினாள். அன்று நான் தோள் கொடுக்கவில்லை.