காலமை என்ன சாப்பிட்டனீங்கள்?

கையுறை என்ன நிறம் என்று பிரெஞ்சில் கேட்டுக்கொண்டிருக்கிறார் ஞானேந்திரன். சிவப்பாம். அடுத்த கேள்வி, காலையில் என்ன சாப்பிட்டீர்கள். மறுமுனையில் ஒரு கியூபெக்காரர் ஆல்ப்ஸ் மலையில் முழங்கால் திருகிப் பனியில் மல்லாந்து கிடக்கிறார். மீட்புக்காரர்கள் வரும்வரை அவரைப் பேச வைத்துக்கொண்டிருக்க வேண்டும். முட்டையும் பாணும் என்று அந்த மனிதர் முனக, முட்டை பொரித்ததா அவித்ததா என்று இவர் விடாமல் பிடித்துக்கொள்கிறார்.

பயணக் காப்புறுதிக் கம்பனி ஒன்றின் அவசரத் தொலைபேசியில் வேலை. மொன்றியாலின் பார்க் எக்ஸ்டென்ஷன் வீட்டில், மகள் றொஷினியின் பழைய அறைதான் அலுவலகம். அவள் பல்கலைக்கழகத்துக்குக் கிட்ட கோட்-டெ-நெய்ஜில் அறை எடுத்துப் போய்விட்டாள். அவள் ஒட்டிய ஸ்னோபோர்ட் படங்கள் மட்டும் சுவரில் அப்படியே இருக்கின்றன. மாசி மாதம் வந்தால் பாதி மொன்றியால் விமானமேறி ஆல்ப்ஸுக்குச் சறுக்கப் போய்விடும் போலிருக்கிறது. "இஞ்சை இல்லாத ஸ்னோவே அங்கை கிடக்கு?" என்று அவர் மனைவி கிறேஸ் கேட்பாள். "அது உயரமப்பா. மரமே முளைக்காத உயரம்" என்பார், தானே ஏறிப் பார்த்துவிட்டு வந்தவர் மாதிரி. மனிதர் வாழ்நாளில் ஒரு சறுக்குப் பலகையில் கால் வைத்ததில்லை. பனியோடு அவருக்குள்ள உறவெல்லாம் காரைச் சுற்றி மண்வெட்டியால் வழிப்பதோடு சரி.

மலையை அவர் காதால்தான் அறிவார். மூச்சு வாங்குவதைக் கேட்டே ஆள் எவ்வளவு பயந்திருக்கிறார் என்று கண்டுபிடித்துவிடுவார். எங்கிருந்து பேசுகிறீர்கள் என்று அங்கிருந்து கேட்பார்கள். மொன்றியால் என்று இவர் சொன்னதும், அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்த தடியன்களும் விம்மத் தொடங்குவார்கள். யாழ்ப்பாணம் மணக்கிற அந்தப் பிரெஞ்சைக் கேட்டு அழுகிற கியூபெக்காரர்களை நினைத்தால் சிரிப்பும் வரும், பாவமாகவும் இருக்கும்.

அவருடைய தலைக்கருவியின் வயரில் ஒரு சின்ன மியூட் பொத்தான் உண்டு. இருமவும் தேநீர் குடிக்கவும் வாய்க்குள் திட்டவும் இந்த வேலையில் உள்ள மற்றவர்கள் தங்களுடையதை அழுத்தி அழுத்தி எழுத்தே அழிந்துபோயிருக்கும். இவருடையது கடையில் வாங்கியபடி புத்தம் புதிதாக இருக்கிறது. இருமல் வந்தால் அடிபட்டவரின் காதுக்குள்ளேயே இருமிவிட்டு மன்னிப்புக் கேட்பார். "சத்தம் நிண்டா அந்தாள் தான் தனிச்சுப் போனன் எண்டு நினைக்கும். குளிருக்குள்ளை அந்த நினைப்புத்தான் கூடாது" என்பார்.

வீட்டில் இதே மனிதர் உம்மணாமூஞ்சி. "ஊர்ச் சனத்திட்டை எல்லாம் காலமை என்ன சாப்பிட்டனீங்கள் எண்டு கேக்கிறார். அவிச்சுக் குடுக்கிற என்னட்டை ஓம் எண்ட ஒரு சொல்லோடை சரி" என்று கோயிலில் கிறேஸ் சொல்லிச் சிரிக்காத ஞாயிற்றுக்கிழமை கிடையாது. அவர் அவளுக்குப் போட்ட கட்டுப்பாடு ஒன்றும் உண்டு. அந்த வீட்டில் 'கடைசி' என்ற சொல் கூடாது. கடைசி ஒரு தடவை சறுக்கிவிட்டு வருகிறேன் என்று போனவர்கள்தான் பின்னேரத்தில் இவருக்குத் தொலைபேசி எடுக்கிறார்கள். அதனால் சட்டியில் கிடக்கிற கடைசித் தோசைக்கும் 'இன்னொண்டு' என்றுதான் பெயர்.

அவருக்குப் பிடிக்காத கேள்வி ஒன்று இருக்கிறது. கம்பு நட்டுக் குறித்த பாதைக்குள் விழுந்தீர்களா, வெளியிலா? வெளியில் என்றால் காப்புறுதி கைவிரித்துவிடலாம், ஆகவே கேட்டே தீர வேண்டும். அந்த இடத்தில் மட்டும் அவர் குரல் சட்டென்று இறங்கிவிடும்.

இந்த மாசியில் றொஷினியும் புறப்பட்டாள். சிநேகிதிகளோடு ஒரு கிழமை, பிரெஞ்சு ஆல்ப்ஸில், அந்த மரம் முளைக்காத உயரத்துக்கு. மகளைத் தடுக்க அவருக்கு வாயும் வரவில்லை, விடுவதற்கு மனமும் வரவில்லை. படுத்தால் கண்ணை மூடியதும் ஒவ்வொரு முறிந்த காலும் வந்து நிற்கும். எழுந்து போய்க் கைப்பேசியில் அந்த மலையின் வானிலையைப் பார்ப்பார். பனிச்சரிவு அபாயம் எவ்வளவு என்று பார்ப்பார். பிறகுதான் செபமாலை. விமான நிலையத்தில் அவள் கையில் செம்மஞ்சள் விசில் ஒன்றைத் திணித்தார்.

"கழுத்திலை போடு, பிள்ளை."

"நான் என்னப்பா, றெஃபரியா?" என்று அவள் பிரெஞ்சில் கேட்டாள். தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்வதுதான் அவள் வழக்கம்.

சனிக்கிழமை காலை அவருக்கு வேலையில்லை. அடுக்களை மேசையில் தேநீரோடு இருந்தார், கிறேஸ் அடுப்படியில் நின்றாள். ஆல்ப்ஸில் பொழுது சாயத் தொடங்கும் நேரம் அது, அவருக்கு ஆகாத நேரம். கைப்பேசி அடித்தது, றொஷினி. இரவில் ஒரு படம் அனுப்புவதோடு சரி, அவள் அழைப்பதே இல்லை. ஸ்பீக்கரைப் போட்டார்.

"அப்பா, எல்லாம் வெள்ளை. முகில் வந்து மூடிட்டுது. நிலம் எது, வானம் எது எண்டு தெரியேல்லை. மற்ற ஆக்களைக் காணேல்லை."

முழுக்கத் தமிழில் சொன்னாள். அதைக் கேட்டுத்தான் அவர் தேநீரைத் தள்ளி வைத்துவிட்டு நிமிர்ந்து இருந்தார்.

"அசையாதை. நிண்ட இடத்திலையே இரு. எங்கையாவது நோகுதோ?"

"இல்லை. குளிருது."

"பக்கத்திலை கம்பு ஏதும் தெரியுதோ?"

"ஒண்டும் இல்லை, அப்பா."

கம்பு இல்லையென்றால் அவள் பாதையை விட்டு விலகிவிட்டாள். அந்தப் பக்கம் சரிவா, பள்ளமா, யாருக்குத் தெரியும். எல்லோரிடமும் கேட்கிற அந்தக் கேள்வியை அவர் தன் பிள்ளையிடம் கேட்கவில்லை. நிற்கிற இடத்தைக் கைப்பேசியிலிருந்து அனுப்பச் சொன்னார். குளிரில் பற்றரி செத்துவிடும் என்று கைப்பேசியை ஸ்பீக்கரில் போட்டு ஜக்கெற்றுக்குள் வைக்கச் சொன்னார். இடம் வந்து சேர்ந்தது. இனி மலையின் மீட்பு நிலையத்துக்குச் சொல்ல வேண்டும், இவளைப் பேச்சில்லாமல் விடவும் கூடாது.

"இஞ்சேரும், அவளோடை கதைச்சுக்கொண்டிரும். நிப்பாட்டக் கூடாது" என்று கிறேஸின் கைப்பேசியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"ஐயோ, நான் என்னத்தையப்பா கதைக்க?"

அவர் அதற்குள் வாசல் நடைக்குப் போய்விட்டார். கிறேஸ் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு குனிந்து கேட்டாள்.

"பிள்ளை, காலமை என்ன சாப்பிட்டனீ?"

"குறுவாசோன், அம்மா."

"ஒண்டோ, ரெண்டோ?"

"ரெண்டு."

"உள்ளுக்கு என்ன வைச்சுக் குடுத்தவை?"

நடையிலிருந்து ஞானேந்திரனின் பிரெஞ்சு கேட்டது. வேலையில் பேசுகிற அதே நிதானம். ஆனால் மகளின் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லும்போது ஓர் எழுத்தை இரண்டு தரம் சொன்னார். திரும்பி வந்து கதிரை நுனியில் இருந்தார்.

"வெளிக்கிட்டிட்டினம், பிள்ளை. கையுறை என்ன நிறம்?"

"நீலம். நீங்கள்தானே வாங்கித் தந்தனீங்கள்."

"ஓம், ஓம். விரலை ஆட்டிக்கொண்டிரு. அறையிலை ஆர் குறட்டை விடுறது?"

"ஜெசிக்கா."

"பலமோ?"

அவள் சிரிக்கப் பார்த்தாள். பல் கிட்டுகிற சத்தம்தான் கேட்டது. அவர் பேசிக்கொண்டே போனார். குறட்டை, சப்பாத்து, பாடசாலையில் அவளுக்குச் சறுக்கக் கற்றுக்கொடுத்த ஆசிரியர், பழைய அறைச் சுவர்ப் படங்கள். இத்தனை வருடத்தில் மகளோடு இவ்வளவு பேசியதைக் கிறேஸ் கண்டதில்லை. இடையில் கைப்பேசி கரகரத்து நின்று திரும்பவும் வந்தது. அந்த ஒரு கணத்திலும் அவர் பேச்சை நிறுத்தவில்லை.

"அப்பா, தூரத்திலை இஞ்சின் சத்தம் மாதிரிக் கேக்குது."

"அந்த விசில்... எங்கை வைச்சனீ?"

"கழுத்திலைதான் கிடக்கு."

"ஊது, பிள்ளை. ஊது!"

பார்க் எக்ஸ்டென்ஷன் அடுக்களைக்குள் விசில் கீச்சிட்டது. நின்றது, மறுபடி கீச்சிட்டது. காற்று இரைந்தது. பிறகு யாரோ ஓர் ஆண்குரல், வெகு கிட்டத்தில், "பொன்ஜூர், மத்மோசெல்" என்றது.

"அப்பா, வந்திட்டினம்! அப்பா, என்னைக் கண்டிட்டினம்!"

ஞானேந்திரன் வாயைத் திறந்தார். விம்மல்தான் வந்தது. மறுபடி திறந்தார். பிறகு விரலை நீட்டி, கைப்பேசியில் மியூட்டை அழுத்தினார்.

"அப்பா? கேக்குதே, அப்பா? கதையுங்கோ..."