இரண்டாவது ஊசி

பெரியவர்கள் யாரும் சொப்புச் சமையலைச் சாப்பிடுவதில்லை. கையைக் குவித்து வாய்வரை கொண்டுபோய், நாக்கைச் சப்புக்கொட்டிவிட்டு, நாம் திரும்பும் நேரத்தில் கீழே கொட்டிவிடுவார்கள். குழந்தைகளுக்கு இந்த ஏமாற்று வேலை தெரியாது என்று நினைப்பு. அம்மாவின் தம்பி, என் மாமா ஒருவர்தான் நிஜமாகவே சாப்பிடுவார். புளியங்கொழுந்து, பச்சைக் கடலை, எதை வைத்தாலும் மென்று விழுங்கிவிட்டு, “ஏங்க, கொழம்பு கொஞ்சம் வுடுங்க” என்று இலையை நகர்த்துவார். சித்தேரி மலையடிவாரத்தில் எங்கள் வீட்டிலேயே இருந்தார். ஏழு வயதில் நான் நடத்திய ஓட்டலுக்கு அவரை விட்டால் வாடிக்கையாளர் கிடையாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் செய்தது மிளகாய் விதை தாளித்த பொரி. மிளகாயை அம்மா தொட விடமாட்டாள். வேலியோரம் முள்முள்ளாக வெடித்து நின்ற காய்க்குள் அச்சு அசலாக அதே விதை இருந்தது. அது ஊமத்தை என்றும், அதைத் தொடக் கூடாது என்றும் எனக்குத் தெரியும். விதையைப் பற்றித் தனியாக யாரும் சொல்லவில்லையே என்று ஒரு வக்கீல் நியாயம் வைத்திருந்தேன். ஒரு காய் முழுவதையும் கொட்டாங்குச்சியில் கலந்தேன். மாமா முகத்தைச் சுளித்தார், ஆனாலும் ஒரு பொரி மிச்சம் வைக்கவில்லை.

பதினோரு மணிக்கெல்லாம் அவர் முகம் சிவந்து, நாக்கு வறண்டு, சுவரோடு பேச ஆரம்பித்துவிட்டார். இல்லாத நூலைக் காற்றில் பிடித்துச் சுற்றினார். என்னை யாரென்றே தெரியவில்லை. அவருக்குப் பார்த்த பெண்ணின் வீட்டார் முந்தின வாரம்தான் கைவிரித்திருந்தார்கள். பாய்க்குப் பக்கத்தில், அம்மா ஒற்றைத் தலைவலிக்குத் தினமும் போடும் மாத்திரையின் அட்டை காலியாகக் கிடந்தது. அதைக் கையில் எடுத்த அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

பெரியப்பாவும் கூட ஏறிக்கொள்ள, ஆம்புலன்ஸில் அரூர் போய், அங்கிருந்து தர்மபுரி பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். வீட்டில் தனியாக விட ஆளில்லாததால் என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். அங்கே இருந்த டாக்டரம்மாவுக்கு அம்மாவைவிட வயது குறைவு. மாமாவின் நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, இதயத் துடிப்பு கோடாக ஓடிவந்த தாளை இரண்டு முறை பார்த்தார். அம்மா நீட்டிய காலி அட்டையையும் திருப்பிப் பார்த்தார்.

“மாத்து மருந்து இருக்குங்க. எல்லா எடத்துலயும் கெடைக்காது, எங்ககிட்ட ரெண்டே குப்பி. ஆனா மாத்திரையா, வேற எதாவதான்னு தெரியாம போட மாட்டேன்” என்றார்.

“ஆளு போயிட்டிருக்கான், போடுங்கம்மா!” என்று பெரியப்பா கத்தினார்.

“இந்த மாத்திரைய நெறைய முழுங்கினாலும், வெஷச் செடி எதையாவது தின்னாலும் பாக்க ஒரே மாதிரிதாங்க இருக்கும். மாத்திரை தின்னவருக்கு இதப் போட்டா நெஞ்சே நின்னுரும்.”

கத்துகிறவர் முன்னால் குரலை உயர்த்தாமல் ஒருவர் நிற்பதை நான் முதன்முதலில் பார்த்தது அன்றுதான். அவர் அம்மாவிடம் திரும்பி, “காலையில யாரோட சாப்பிட்டாருங்க?” என்று கேட்டார்.

“என்னோட” என்றேன்.

அறையே என்னைப் பார்த்தது. அடுத்த சமையலுக்கு என்று சட்டைப் பையில் வைத்திருந்த இன்னொரு காயின் விதைகளை டாக்டரம்மாவின் உள்ளங்கையில் கொட்டினேன். மாத்திரை அட்டையும் என்னுடையதுதான் என்றேன். அம்மா என்றைக்கோ குப்பையில் போட்டது. குழிக்கு ஒரு மசாலா வைத்தால் அருமையான அஞ்சறைப்பெட்டி. அம்மா அழுதாள். அடி விழும் என்று தலையைக் குனிந்தேன், விழவில்லை.

மாமாவுக்கு இளைப்பு, இதய நோய் எதுவும் உண்டா என்று டாக்டரம்மா கேட்டுக்கொண்டார். அந்தத் தாளை மறுபடி பார்த்தார். பிறகுதான் ஊசியை எடுத்தார். அப்போதும் எறும்பு ஊர்கிற வேகத்தில்தான் மருந்தை ஏற்றினார். கண் முழுக்கத் திரையில் ஓடும் கோட்டின்மேல் இருந்தது. “ஒரேடியா போட்டு வுடுங்கம்மா” என்ற பெரியப்பாவுக்கு, “வேகமா போட்டா வலிப்பு வந்துரும்ங்க” என்று திரும்பாமலே பதில் சொன்னார். பக்கத்தில் நர்ஸக்கா இன்னொரு ஊசியை நிரப்பிக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

அந்த இரண்டாவது ஊசி யாருக்கு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. குற்றவாளி அறையில் ஒருத்திதானே.

கொஞ்ச நேரத்தில் மாமாவின் கை நூல் சுற்றுவதை நிறுத்தியது. சுற்றும் முற்றும் பார்த்தார், என்னைக் கண்டுபிடித்தார். “இன்னிக்கு உப்பு கம்மிங்க” என்றார், நாக்கு ஒட்டிக்கொண்ட குரலில். எல்லோரும் சாமி கும்பிட்டார்கள். டாக்டரம்மா மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “மருந்து சீக்கிரம் எறங்கிரும், வெஷம் எறங்காது. திரும்ப வரும்” என்றார். ஒரு மணி நேரத்தில் வந்தது. இரண்டாவது குப்பியும் அதே எறும்பு வேகத்தில் ஏறியது. சாயங்காலம் மாமா தெளிந்து தண்ணீர் கேட்டார்.

நர்ஸக்கா நிரப்பிய ஊசி அப்போதும் தட்டில் அப்படியே இருந்தது. இனித் தப்ப முடியாது என்று நானே போய்ச் சட்டைக் கையைச் சுருட்டி நீட்டினேன். டாக்டரம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் என் கையைப் பிடித்துச் சட்டையை இறக்கிவிட்டார். “அது உனக்கில்ல பாப்பா. உங்க மாமாவுக்கும் தேவப்படல” என்று ஊசியை எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டார்.

மன்னித்துவிட்டார் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். ஊமத்தை விரட்டிய மாமாவின் இதயத்தை மாற்று மருந்து அளவுக்கு மீறி அடக்கிவிட்டால், மறுபடி விரட்டுவதற்காக வைத்திருந்த ஊசி அது. நான் கொட்டாங்குச்சியில் கண்ணை மூடிக்கொண்டு அள்ளிப் போட்ட ஊமத்தையின் அதே நஞ்சைத்தான், அவர் அளந்து எடுக்கச் சொல்லி, போடாமல், நாள் முழுக்கக் காத்திருந்தார் என்பது அன்று எனக்குத் தெரியாது.