மச்சான் வண்டியில் போடாத தட்டு

பூந்தமல்லி டிரங்க் ரோட்டிலிருந்து பிரியும் சந்தில் பைக்குகளுக்கு இன்ஜின் வேலை பார்க்கும் ஃபயாஸுக்கு, யாரிடமும் முடியாது என்று சொல்லத் தயக்கம் கிடையாது. ஆனால் அக்கா ஷம்ஷாத்தின் கணவர் முஸ்தகீம் வாசலில் வந்து நின்றால் மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். வீட்டு மாப்பிள்ளை கேட்டதை மறுத்துப் பேசும் வழக்கம் அந்தக் குடும்பத்தில் இல்லை. மறுத்தால் அதற்கான ஏச்சு இவனுக்கு விழாது. அக்காவுக்குத்தான் விழும், இரண்டு மூன்று மாதத்துக்கு.

போன ரம்ஜான் முடிந்த கையோடு முஸ்தகீம் ஒரு சின்ன அட்டைப்பெட்டியுடன் வந்தார். உள்ளே அலுமினிய ரிடெய்னர்கள். வால்வு ஸ்பிரிங்கின் தலையில் உட்கார்ந்து வால்வைப் பிடித்துக்கொள்ளும் சின்னத் தட்டுதான் ரிடெய்னர். கம்பெனி போடுவது இரும்பு. இது அதில் பாதி எடைகூட இல்லை.

“வீடியோவுல பாத்தேன் மாப்ள. இத்த போட்டா வண்டி சும்மா பிச்சிக்கினு போவுமாம்.”

“அது ரேஸ் வண்டிக்கு மச்சான். பன்னெண்டாயிரம் ஆர்பிஎம் சுத்தறவனுக்கு எடை கொறைஞ்சா லாபம். நம்மளுது ரோட்டு வண்டி, லேசா கேம்ஷாஃப்ட் மாத்துனாலும் ஒம்போதாயிரம் தாண்டாது. இரும்பே தாராளம்.”

“நீ போடு மாப்ள.”

அத்தோடு பேச்சு முடிந்தது. ரேஸ் ஓட்டுகிறவன் அடிக்கடி இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டைத் திறந்து தட்டு தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பான். முஸ்தகீமோ ஆயில் மாற்றுவதையே மறந்துபோகிற மனிதர். இரும்பு ஸ்பிரிங் அந்த மெல்லிய அலுமினியத்தை நாளுக்கு நாள் அரிக்கும். என்றைக்காவது தட்டு உடைந்தால் வால்வு உள்ளே விழும், ஓடுகிற வண்டி அப்படியே இறுகி நிற்கும். அந்த வண்டியில்தான் தினமும் காலையில் ஷம்ஷாத் பின்னால் உட்கார்ந்து, லாரிகளுக்கு நடுவே, வேலப்பன்சாவடி கல்லூரி ஆபீஸுக்குப் போகிறாள்.

ஃபயாஸ் ஹெட்டைத் திறந்தான், துடைத்தான், இரும்புத் தட்டையே திரும்பப் போட்டு மூடினான், அட்டைப்பெட்டியை அலமாரிக்குள் ஒளித்துவைத்தான். வாய் திறந்து ஒரு பொய்யும் சொல்லவில்லை, சாவியை மட்டும் நீட்டினான்.

மறுநாளே முஸ்தகீம் வந்து, “பறக்குது மாப்ள!” என்றார். ஆசைப்பட்டு வாங்கிய பொருள் வேலை செய்யாமல் போகுமா என்ன? தன் திரைச்சீலைக் கடைக்கு வருகிறவர்களிடம் துணியை அளந்ததைவிட வண்டிப் பெருமையை அளந்ததே அதிகம். ஃபயாஸ் கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

மூன்றாவது வாரம் சேக்காட்டிலிருந்து டில்லிபாபு என்பவன் அதே மாதிரி ஓர் அட்டைப்பெட்டியோடு வந்தான். வீடு வீடாகப் பார்சல் கொண்டுபோகிறவன். ஒரு நாளைக்கு நூறு கிலோமீட்டர் ஓட்டுகிறவன். கூடவே முஸ்தகீம், கல்யாண வீட்டுக்காரரைப் போல முகம் மலர்ந்து.

“அண்ணாத்தேக்குப் போட்ட மாதிரியே எனக்கும் போட்டுக் குடு நைனா” என்றான் டில்லிபாபு.

ஃபயாஸ் பெட்டியை வாங்கிப் பார்த்தான். மச்சானை ஏமாற்றியது அக்காவுக்காக. ஊரான் வண்டியில் அதையே செய்தால் அது தொழில் திருட்டு. சொன்னபடி அலுமினியத்தைப் போட்டாலோ, இவன் எந்த ரோட்டில் விழுவான் என்று யாருக்குத் தெரியும்?

“வேணாம்பா. மச்சான் வண்டியிலயே நான் அத்த போடல. உள்ள ஓடறது பழைய இரும்புதான்.”

டில்லிபாபு ஒரு கணம் விழித்தான். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “இரும்பத் தூக்கிகினா இத்தினி நாளா பறந்துகினு இருந்தீங்க அண்ணாத்தே?”

முஸ்தகீம் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. “என் பெட்டியக் குடு” என்று மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

ஐந்தாம் நாள் காலை ஷம்ஷாத் போன் செய்தாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள். “வேற எடத்துல குடுத்து அந்தத் தட்ட மாட்டிக்கினாருடா. பக்கத்துல நின்னு பாத்துகினாராம்.”

“அக்கா, அந்த வண்டியில ஏறாத. பஸ்ல போ.”

“பஸ்ல போனா, உன் பேச்சக் கேட்டு எறங்கிட்டேன்னு ஆயிடும். ஏற்கனவே ஊர் சிரிச்சிடுச்சுன்னு சோறு எறங்காம கீறாரு. அப்பறம் இந்த ஊட்ல நான் எப்பிடிடா இருக்கறது?”

“அக்கா, நான் சொல்றதக் கேளு…”

“நீ அன்னிக்கு வாய மூடிகினு இருந்திருக்கலாம் தம்பி. இரு, வண்டிய எடுத்துட்டாரு.”

அவள் போனை அணைக்க மறந்து கைப்பைக்குள் போட்டிருக்க வேண்டும். வண்டி கிளம்பியது. ஃபயாஸ் கண்ணை மூடிக்கொண்டு, முதல் கியர், இரண்டாம் கியர், மூன்றாம் கியர் என்று கேட்டுக்கொண்டே நின்றான். இரும்பு ஓடிய பழைய சத்தத்துக்கும் அலுமினியம் ஓடும் இந்தச் சத்தத்துக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.