கயிறு இழுக்காத மெக்கானிக்

மரம் அறுக்கும் செயின்சாவை ரிப்பேர் செய்கிறவனுக்குப் பாதி வேலை ஸ்பேனரில், மீதி வேலை அதைக் கிளப்ப இழுக்கிற கயிற்றில். வில்லியனூரில் கடை போட்ட இந்தப் பதினாறு வருஷத்தில் நான் இழுத்த கயிற்றையெல்லாம் முடிச்சுப் போட்டு நீட்டினால் பாகூருக்குப் போய்த் திரும்பி வரலாம். இருபது தடவை இழுத்தும் கிளம்பாத மெஷினை முறைத்துக்கொண்டு நின்ற அனுபவம் உங்களுக்கும் இருந்தால், வாருங்கள், நாம் பங்காளிகள்.

லெட்டர் வேணுமா?

போன சித்திரையில் ஒரு நாள் காலையில் சட்டை மாட்டுவதற்காகக் கையைத் தூக்கினேன். வலது கை நெஞ்சு உயரம் வரை வந்தது, அதற்கு மேல் வர மாட்டேன் என்று நின்றுவிட்டது. தைலம் தேய்த்துப் பார்த்து, ஒத்தடம் கொடுத்துப் பார்த்து, கடைசியில் அரியூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சுகர் இருக்கிறவர்களுக்குத் தோள் இப்படி இறுகிப்போவது சகஜம்தான், குணமாக ஒரு வருஷம்கூட ஆகலாம் என்றார் அங்கே கை கால் பயிற்சி கொடுக்கும் பெண். வெடுக்கென்று எதையும் இழுக்கவே கூடாதாம்.

"என்ன வேலை பார்க்கறீங்க?" என்று கேட்டார். வெடுக்கென்று கயிறு இழுக்கிற வேலை என்றேன். எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ரொம்ப அக்கறையாகச் சொன்னார்: "உங்க ஓனர்கிட்ட காட்ட லெட்டர் வேணும்னா எழுதித் தரேன் சார்."

என் கையில் கொடுத்தவன்

ஓனரும் நானே, வேலையாளும் நானே. செயின்சா மெக்கானிக்குக் கை போய்விட்டது என்று ஒரு டீக்கடையில் தெரிந்தால் போதும், வருகிற மெஷினெல்லாம் நேராகத் தவளக்குப்பத்துக் கடைக்குப் போய்விடும். கடையை மூட வேண்டியதுதான். இடது கையால் இழுக்கலாமே என்பீர்கள். அப்போது வலது கை மெஷினைத் தரையோடு அழுத்திப் பிடிக்க வேண்டும். அழுத்தினாலும் உயிர் போனது.

அந்தப் பயத்தோடு நான் உட்கார்ந்திருந்தபோதுதான் சேலியமேட்டு விவசாயி ஒருவர் மெஷினோடு வந்தார். சோக்கைப் போட்டபடியே முப்பது தடவை இழுத்திருக்கிறார். உள்ளே பெட்ரோல் குளம் கட்டியிருந்தது. பிளக்கைக் கழற்றித் துடைத்து, மெஷினைக் கவிழ்த்துப் பெட்ரோலை வடித்தேன். பிளக் இல்லாத மெஷின் குழந்தை இழுத்தாலும் சுற்றும் என்பதால் இடது கையால் நாலு சுற்று சுற்றிக் காய வைத்து, பழையபடி மாட்டினேன். மற்ற நாளாக இருந்தால் நானே இழுத்துக் காட்டியிருப்பேன். அன்றைக்கு வேறு வழியில்லாமல், "நீங்களே இழுங்க" என்றேன். இரண்டாவது இழுப்பில் கிளம்பிவிட்டது. அவர் மெஷினை அணைத்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். குட்டு உடைந்தது என்று நினைத்தேன். அவர் சொன்னது இது: "மத்த எடத்துல அவங்களே இஸ்து காமிச்சு அனுப்பிடறாங்க, வூட்டுக்குப் போனா எனக்குக் கெளம்ப மாட்டுது. நீ ஒருத்தன்தாம்பா என் கைல குடுத்துப் பாக்கச் சொன்ன."

மாட்டுக் கயிறு

அதிலிருந்து அதையே கடை வழக்கமாக்கிவிட்டேன். ஆனால் இதில் ஒரு சங்கடம். முன்பெல்லாம் முக்கால்வாசி சரியான மெஷினைக்கூட என் கை பலத்தில் கிளப்பிக் கொடுத்துவிடுவேன். இப்போது யார் இழுத்தாலும் கிளம்ப வேண்டும், அதனால் முழுசாகச் சரி செய்தே தீர வேண்டும். கார்புரேட்டரை நான் இவ்வளவு மரியாதையாகக் கழுவியது அதற்கு முன் கிடையாது.

ஒரு கரும்புத் தோட்டக்காரர் வந்து, கயிறு அசையவே மாட்டேன் என்கிறது என்றார். கழற்றினால், அறுந்த கயிற்றுக்குப் பதிலாக மாடு கட்டும் நைலான் கயிற்றைப் போட்டுச் சுற்றி வைத்திருக்கிறார். சுண்டுவிரல் தடிமன். சக்கரத்தில் சுற்ற இடமில்லாமல் அது மூடியோடு இறுகிக் கிடந்தது. சரியான கயிற்றை மாட்டி அவர் கையில் கொடுத்தேன், உடனே கிளம்பியது. தோட்டக்காரர் மட்டும் சமாதானம் ஆகவில்லை. "நாலு மாடு சேந்து இஸ்தாலும் அறாத கயிறு அது மெக்கானிக், இந்த மெஷினுக்குத்தான் குடுத்து வெக்கல."

சைலன்சரில் குடியிருப்பு

மண்ணாடிப்பட்டுப் பக்கத்திலிருந்து செண்பகம் என்ற அம்மா ஒருவர் பஸ்ஸில் மெஷினைச் சாக்கில் கட்டி எடுத்து வந்தார். மாட்டுக் கொட்டகையில் மழைக்காலம் முழுக்கச் சும்மா கிடந்த மெஷின். எத்தனை தடவை இழுத்தாலும் மூச்சு முட்டியதுபோல் ஒரு சத்தம், அவ்வளவுதான். புகை வெளியே வருகிற துவாரத்தைப் பார்த்தேன். குளவி ஒன்று மண் வைத்து அழகாக அடைத்திருந்தது. திருப்புளியை எடுத்துக் குத்தப் போனேன்.

"கைய எடு" என்றார் அந்த அம்மா. "கொளவி கூடு கட்னா வூட்ல கொழந்த வரும். என் மருமவளுக்கு நாலு வருசமா இல்ல." சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தார். எனக்குக் குளவியிடம் நம்பிக்கை கிடையாது, ஆனால் குத்தவும் மனம் வரவில்லை. கூட்டோடு சேர்த்துச் சைலன்சரையே அலுங்காமல் கழற்றி ஒரு மஞ்சள் பையில் வைத்தேன். பழைய சாமான் பெட்டியிலிருந்து வேறொன்றைத் தேடி மாட்டிக் கொடுத்தேன். அவரே இழுத்தார், கிளம்பியது. மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு, எனக்குக் கடன் வைக்கப் பிடிக்காதவர்போல் சொன்னார்: "கொழந்த பொறந்ததும் இத நானே கொண்டாந்து உன்கிட்ட குடுத்துடறேன்பா."

கலியபெருமாள் என்று வைத்துக்கொள்வோம்

எங்கள் பக்கம் தெருவுக்கு நாலு கலியபெருமாள் இருப்பதால் இவர் யார் என்று உங்களால் கண்டுபிடிக்க முடியாது. மரம் வெட்டும் கான்ட்ராக்டர், ஆறடி ஆள். நாலு செயின்சா வைத்திருக்கிறார், நாலும் என்னிடம்தான் வரும், ஆட்கள்தான் கொண்டு வருவார்கள். மாசியில் ஒரு நாள் பெரிய மெஷினோடு அவரே வந்து நின்றார். ஆட்கள் இரண்டு பேர் வெளியே டெம்போவில் இருந்தார்கள்.

"இஸ்க்கக் கஷ்டமா கீது" என்றார். பெரிய மெஷினில் ஒரு சின்ன பொத்தான் உண்டு. அழுத்தினால் உள்ளே இருக்கும் காற்று கொஞ்சம் வெளியேறி, இழுக்க லேசாக இருக்கும். அது கரி பிடித்து ஒட்டிக் கிடந்தது. சுத்தம் செய்து மாட்டிவிட்டு, "இழுங்கண்ணே" என்றேன். "நீ இஸ்" என்றார். உங்கள் மெஷின், நீங்கள் இழுப்பதுதான் முறை என்றேன். "இல்ல, நீ இஸ், நான் பாக்கறேன்" என்றார். விஷயம் தெரிந்து சோதிக்கத்தான் வந்திருக்கிறார் என்று புரிந்தது. நாலு மெஷினும் போய்விடும், பின்னாலேயே மற்றவர்களும் போவார்கள். இனி மறைத்து என்ன பிரயோஜனம்? "அண்ணே, பத்து மாசமா எனக்கு வலது கை தூக்க வராது" என்று சொல்லிவிட்டேன்.

அவர் டெம்போவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு ஆட்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு தன் வலது கையை மெல்லத் தூக்கினார். என் கை எங்கே நிற்குமோ அங்கேயே அதுவும் நின்றது. எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. அவர் இடது கையால் மெஷினை அழுத்திப் பிடித்தார், நான் என் இடது கையால் இழுத்தேன். முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்காது என்று தெரிந்த பிறகுதான் வாயைத் திறந்தார்: "எனக்கு ரெண்டு வருசம் ஆவுது, வெளிய தெரிஞ்சா எவன் மரம் வெட்டக் கூப்புடுவான்? நீ பாத்த மெஷின்தான்யா எனக்கு எடது கைல கெளம்புது."

இப்போது என் தோள் முக்கால்வாசி குணமாகிவிட்டது, ஆனால் பழையபடி நானே இழுக்க ஆரம்பித்தால் வியாபாரத்துக்கு ஆகாது என்பதால் வீட்டாரைத் தவிர வேறு யாரிடமும் அதைச் சொல்லாமல் மறைத்து வைத்திருக்கிறேன்.