ஜன்னல் சீட்டுக்காக ஒரு நேரலை

கார் சீட்டு செய்யும் கம்பெனியில் நான் தரப் பரிசோதகன். நாள் முழுக்க சீட்டைத் தடவி, அமுக்கி, தையல் கோணலாக இருக்கிறதா என்று பார்த்து, பச்சை ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புவது என் உத்தியோகம். அப்படிப்பட்ட எனக்கு, ஓடுகிற வண்டியில் ஜன்னல் ஓரம் கிடைக்காவிட்டால் வாந்தி வரும். இது என் மனைவிக்கும் அவள் தங்கைக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம். கம்பெனி பஸ்ஸில் யாருக்கும் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொள்ள நான் பட்ட பாட்டை வேலையில் பட்டிருந்தால் இந்நேரம் சூப்பர்வைசர் ஆகியிருப்பேன்.

படப்பையில் ஏறி ஒரகடத்தில் இறங்குவது பெரிய பிரயாணம் இல்லை. ஆனால் கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் டிரைவர் அண்ணன் பிரேக்கை மிதித்து மிதித்து எடுப்பதில், காலையில் சாப்பிட்ட இட்லி தொண்டை வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். அதனால் மூன்றாவது வரிசை ஜன்னல் ஓரத்தில், மூக்கைக் காற்றில் நீட்டிக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு வருவேன்.

"இன்னாண்ணா, டெய்லி வெளியவே பாத்துகினு வர்ற?" என்று யாராவது கேட்டால், "யோசன பண்றேம்பா" என்பேன். அதை நம்பினார்கள். என்னைப் பெரிய சிந்தனையாளன் என்று எடுத்துக்கொண்டு, வெல்டிங்கில் இருக்கும் ஒருவர் படப்பைப் பக்கம் மனை வாங்கலாமா என்று என்னிடம் ஆலோசனை கேட்டார். வாயைத் திறந்தால் விபரீதமாகிவிடும் என்ற கட்டத்தில் கேட்டதால் தலையை மட்டும் ஆட்டினேன். மனுஷன் வாங்கியே விட்டார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது இரண்டு ரூட்டை ஒன்றாக்கினார்கள். புதிதாக எங்கள் பஸ்ஸுக்கு வந்த, தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் வேலை செய்பவர் ஒருவர் நேராகப் போய் என் சீட்டில் உட்கார்ந்தார். என் வயதுதான். குரல் மட்டும் பிரஸ் மெஷினுக்கு மேலே கேட்கும்.

"சார், அது என் சீட்டு."

"பேரு எழுதிகீதா? இன்னாய்யா நீ. சரி, லூடோ ஆடுவியா? ஜெயிக்கிறவனுக்கு ஜன்னல். போன எடு, இப்பவே ஆடிக்கலாம்."

எங்கள் பஸ்ஸில் எல்லோரும் போனில் லூடோ ஆடுவார்கள். நானும் நன்றாக ஆடுவேன், வீட்டில். ஓடுகிற பஸ்ஸில் குனிந்து போனைப் பார்ப்பது என்பது என்னைப் பொறுத்தவரை தற்கொலை. எனவே கெத்தாகச் சொன்னேன்: "இந்தக் குலுக்கல்ல ஆடறதெல்லாம் ஒரு ஆட்டமா? ஞாயித்துக்கெழம அவங்கவங்க வூட்ல குந்திகினு ஆடலாம்."

"நீ வூட்ல இன்னா பண்றன்னு யார் பாத்தா? வேற யார்னா வச்சி ஆடுவ."

"லைவ்ல போடறேன்யா. மொத்த பஸ்ஸும் பாக்கட்டும்!"

பஸ்ஸே கை தட்டியது. "அதுவரிக்கும் குந்திக்க" என்று அவர் பெருந்தன்மையாக எழுந்துகொண்டார். லைவில் எப்படிப் போடுவது என்று எனக்குத் தெரியாது என்பது உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

முதலில் போனிலிருந்தே முயன்றேன். கேமையும் லைவையும் சேர்த்து ஓட்டியதில் போன் தோசைக்கல்லாகி, பகடை பாதி உருண்டு நின்றுவிட்டது. படப்பை கடைத்தெருவில் மொபைல் கடை வைத்திருப்பவரிடம் போய் நின்றேன்.

"கேப்சர் கார்டு வாங்கிக்கண்ணா. போன்ல இன்னா தெரியுதோ அத அப்டியே லேப்டாப்புக்குக் கொண்டாந்து குடுத்துரும். லேப்டாப்லேர்ந்து லைவ் போடு. போன் சூடாவாது. கார்டு ஒண்ணத்தயும் வுடாது."

கார்டு என்றதும் தட்டையாக இருக்கும் என்று நினைத்தேன். தீப்பெட்டி மாதிரி ஒன்றைக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து ஒரு பக்கம் என் போனையும் மறுபக்கம் மகளின் பழைய லேப்டாப்பையும் மாட்டினேன். படம் வரவில்லை. திரும்பப் போனேன். அவர் என் போனைப் புரட்டிப் பார்த்துவிட்டு, துக்கம் விசாரிக்க வந்தவர் முகத்தோடு சொன்னார்: "இந்த போன்ல ஒயர் வழியா படம் வெளிய வராதுண்ணா. சார்ஜ் மட்டும்தான் ஏறும். வூட்ல வேற போன் இல்லியா?"

இருந்தது. என் மனைவிக்கு அவள் அண்ணன் வாங்கிக் கொடுத்தது. என் போனை விட எல்லா வகையிலும் உசத்தி என்று நாங்கள் யாரும் வாய்விட்டுச் சொல்லாத போன். அதை மாட்டியதும் லேப்டாப்பில் படம் பளிச்சென்று வந்தது.

"ஞாயித்துக்கெழம மட்டும் குடு."

"அப்ப உங்க போன் எங்கிட்ட இருக்கணும். நான் எதுல லைவ் பாக்கறது?"

நியாயம்தான். சனிக்கிழமை ஒத்திகை பார்த்தேன். லைவ் திரையின் ஓரத்தில் ஒரு சின்னக் கட்டத்தில் என் முகமும் தெரியட்டுமே என்று என் போனைக் கேமராவாக வைத்தேன். கட்டம் கருப்பாகவே இருந்தது. ஒயரை மாற்றினேன், லேப்டாப்பை அணைத்துப் போட்டேன், கடைக்காரரைத் திட்டினேன். மனைவி வந்து எட்டிப் பார்த்தாள்.

"கேட்ல ஒட்டி வுடுவாங்களே கேமரா மேல ஸ்டிக்கரு, அத பிரிச்சீங்களா?"

ஃபேக்டரிக்குள் யாரும் படம் எடுக்கக் கூடாது என்று செக்யூரிட்டி ஒட்டுவது. பிரித்தேன். என் முகம் தெரிந்தது. அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஸ்டிக்கரே தேவலாம்" என்றாள். முகம் வேண்டாம் என்று முடிவாயிற்று.

ஞாயிறு மாலை. லைவ் லிங்க்கை பஸ் குரூப்பில் போட்டேன். மனைவி அதை மறைமலை நகரில் இருக்கும் தன் தங்கைக்கும் அனுப்பிவிட்டு, என் போனோடு சமையலறையில் உட்கார்ந்தாள். நான் தொழில் முறைப்படி எல்லாவற்றையும் பரிசோதித்தேன். ஒயர், சார்ஜ், மைக், நாற்காலியின் ஆட்டம். என் போனை மறக்காமல் சைலன்ட்டில் போட்டுத்தான் மனைவியிடம் கொடுத்தேன். கேப்சர் கார்டின் மேல் ஒரு பச்சை ஸ்டிக்கர்கூட ஒட்டினேன். ஆடப்போவது மனைவியின் போனில், அதற்கும் நாலு பேர் மெசேஜ் அனுப்புவார்கள் என்பதை மட்டும் பரிசோதிக்கவில்லை.

ஆட்டம் அருமையாகப் போனது. கமென்ட்ரி கொடுத்தபடியே மூன்று காயை வீட்டில் சேர்த்தேன். பிரஸ் ஷாப்காரருக்கு ஒன்றுதான் சேர்ந்திருந்தது. அப்போது திரையின் மேலிருந்து ஒரு மெசேஜ் இறங்கியது. கொழுந்தியாள்.

'அக்கா, மாமா சூப்பரா ஆடறாரு. ஜன்னல் சீட்டு போச்சுன்னா பாவம்.'

விரலால் மேலே தள்ளினேன். அடுத்தது இறங்கியது.

'தோத்துட்டா நாளைலேர்ந்து ரெண்டு கவர் குடுத்து அனுப்பு. என் கல்யாண வேன்ல என் பட்டுப்புடவ மேலயே எடுத்தாரே வாந்தி, மறந்துட்டியா?'

தள்ளினேன். 'எலுமிச்சம்பழமும் வை. மோந்துகினே போவட்டும்.'

நேரலை என்று பேரே தவிர, நம் வீட்டில் நடப்பது பார்ப்பவர்களுக்குச் சில நொடி கழித்துத்தான் போய்ச் சேரும். அதனால் அந்த மகராசிக்குத் தன் மெசேஜ் ஊருக்கே தெரிகிறது என்பது தெரிய நேரமாயிற்று. தெரிந்ததும் அதையும் மெசேஜாகவே அனுப்பினாள்.

'அக்கா, நான் அனுப்பறது லைவ்ல வருது.'

'ஐயோ.'

'ஐயோ அக்கா, எப்டி அழிக்கறது?'

எழுத்துக் கூட்டிப் படிக்கச் சோம்பல்பட்டவர்களுக்காக, சமையலறையிலிருந்து என் மனைவி மைக்குக்கே கேட்கும்படி கத்தினாள்: "இன்னாங்க, வாந்தி மேட்டரு வெளிய போவுதுங்க!"

நான் மெசேஜைத் தள்ளிக்கொண்டே இருந்ததில் என் முறை ஒவ்வொன்றாகத் தவறிப்போனது. ஆடாத ஆளைக் கேம் எத்தனை நேரம் வைத்துக்கொண்டிருக்கும்? நான் ஆட்டத்தை விட்டு ஓடிவிட்டதாக அறிவித்து, பிரஸ் ஷாப்காரருக்குக் கிரீடம் சூட்டியது.

லேப்டாப்பில் கமென்ட்டுகள் கொட்டின. டிரைவர் அண்ணன் எழுதினார்: 'மூணாவது ஜன்னலுக்குக் கீழ மட்டும் ஏன் கறன்னு இப்பதான் புரியுது தம்பி.' வெல்டிங்காரர் கேட்டார்: 'அப்ப மனை விஷயத்துல தலய ஆட்னது?'

திங்கள் காலை, வீட்டில் கொடுத்த எலுமிச்சம்பழத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஏறினேன். ஜன்னல் ஓரத்தில் பிரஸ் ஷாப்காரர் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். மற்ற இடமெல்லாம் நிறைந்து, அவர் பக்கத்துச் சீட்டு மட்டும் காலியாக இருந்தது. உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். பஸ் கிளம்பியது. முதல் லாரி, முதல் பிரேக். நான் பழத்தை எடுத்து மூக்கில் வைத்தேன்.

"யோவ். எந்திரி, எந்திரி. இப்பிடி வா."

"பரவால்ல சார், நீங்கதான் ஜெயிச்சீங்க."

"ஜெயிச்சது நான்தான். சீட்டு என்துதான். புது பேன்ட்டும் என்துதான்யா! சீக்கிரம் வாய்யா!"

என்னை ஜன்னல் பக்கம் தள்ளிவிட்டு அவர் இந்தப் பக்கம் நகர்ந்தார். உடனே எனக்குப் பின்னால் வரிசையாக ஜன்னல்கள் மூடப்படும் சத்தம் பஸ்ஸின் கடைசி வரை கேட்டது. நான் மூக்கை வெளியே நீட்டினேன். யோசிப்பது போல நடிக்க வேண்டியதில்லை என்பதில் ஒரு நிம்மதி.

இன்றைக்கும் பஸ்ஸில் அது அவருடைய சீட்டுதான். நான் உட்கார்ந்திருக்கிறேன். புதிதாக வருகிறவர்களிடம், "அது என் சீட்டு, இவரு நம்மாளு, கொஞ்சம் தள்ளி நில்லு" என்று அவரே சொல்லிவிடுகிறார்.

அந்தத் திங்கட்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கியதும், கேட்டில் செக்யூரிட்டி என் போனை வாங்கிக் கேமரா மேல் ஸ்டிக்கரை அழுத்தி ஒட்டினார். பின்னால் நின்ற பிரஸ் ஷாப்காரர், "இதுல ஒண்ணு வாங்கினு போய் உன் கொழுந்தியா போன்ல ஒட்டுய்யா" என்றார்.

கூடுதலாக ஒன்று கேட்டுப் பார்த்தேன். தரவில்லை.