காற்றுக்கு ஒரு சன்னல்

மட்டாஞ்சேரியில் பதினாறு பேர் இருந்த கூட்டுக் குடும்பத்தில் தனி வீடு கேட்டு அடம்பிடித்தவள் நான்தான். அறுபதுகளின் தொடக்கத்தில், கடல் காற்று அறையும் ஒரு தீவில் என் கணவர் இடம் பார்த்தார். கரண்ட் கிடையாது. குடிதண்ணீரும் மரமும் ஓலையும் வள்ளத்தில்தான் வந்தன.

அவருக்கு மிளகுக் கிடங்கில் வேலை. ஈரக்காற்று பட்டால் மிளகு பூஞ்சணம் பிடிக்கும் என்று சந்து பொந்தெல்லாம் அடைத்தே பழகியவர். வீட்டையும் அப்படியே கட்டினார். கடலைப் பார்த்து ஒரு கதவு, மற்றபடி ஒரு சன்னல்கூட இல்லை. "வீடா இது, கிடங்கா?" என்று கத்தினேன். கேட்கவில்லை.

முதல் மழைக்காலத்தில் காற்று கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது. வெளியேற வழியில்லாமல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. நனைந்த பாயில் அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் ஏசத் திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

பக்கத்துக் குடிசை மீன்காரர் சிதறிய ஓலைகளைப் பொறுக்கிக் கொண்டுவந்தார். "வந்த காத்து போகட்டும் சேட்டா, பின்னாடி ஒரு சன்னல் வைங்க" என்றார்.

வைத்தார். அதன்பிறகு அந்திச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் காற்று விளக்கை அணைத்துவிடும். பதினாறு பேர் இருந்த அந்த வீட்டில் ஒருநாளும் என்னோடு உட்கார்ந்து சாப்பிடாதவர், அந்த இருட்டில் தன் மீன் துண்டை என் தட்டில் வைத்தார்.