பழுப்பு நிறம் பூசிய காடு

2004-ஆம் வருடம், ஆகஸ்ட் மாதம். ஹைதராபாத் ஹப்சிகுடாவில் ஒரு சின்ன கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். செயற்கைக்கோள் படங்களைக் கம்ப்யூட்டரில் விரித்து, ஏரி, வயல், வீடு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் கொடுத்து வரைபடம் தயாரிக்கும் வேலை. நாகர்கோவிலிலிருந்து வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. வேகமாக முடிப்பவள் என்று ஆபீஸில் நல்ல பெயர். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஊருக்கு வெளியே ஓர் ஏரி. அதை ஒட்டிப் புதுச் சாலை வருவதாக இருந்தது. படத்தில் ஏரியின் கிழக்குக் கரையில் கரும்பச்சையாக ஒரு திட்டு தெரிந்தது. தண்ணீர் மாதிரியும் இல்லை, தோப்பு மாதிரியும் இல்லை. யோசிக்கச் சோம்பல்பட்டு, 'பயனற்ற புதர் நிலம்' என்று பழுப்பு நிறத்தைப் பூசிவிட்டேன்.

வரைபடத்தை அனுப்பிய பிறகு, ஒரு பேச்சுக்கு நேரில் பார்த்துவிட்டு வரச் சொன்னார்கள். டிரைவரை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு நான் மட்டும் நடந்தேன். புல்தரை என்று நினைத்துக் கால் வைத்த இடம் தண்ணீரின்மேல் மிதந்த பாசி. முழங்கால், பிறகு இடுப்பு. காலை இழுக்க இழுக்க உள்ளே போனேன். "யாராவது வாங்களேன்" என்று தமிழிலேயே கத்தினேன்.

மரங்களுக்கு நடுவிலிருந்து, மார்பளவு தண்ணீரில், மீன்கூடையோடு ஒரு பெண் வந்தாள். என் வயதுதான் இருக்கும்.

"ஹிலோ நக்கோ" என்றாள். அசையாதே என்று அர்த்தம். பக்கத்தில் நீருக்குள் ஓடிய ஒரு வேரைக் காட்டிப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். பின்னால் சாய்ந்து படுக்க வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக என்னை இழுத்து வேரின்மேல் உட்காரவைத்தாள். செருப்பு இரண்டும் சேற்றோடு போய்விட்டன.

அங்கே உட்கார்ந்த பிறகுதான் சுற்றிலும் பார்த்தேன். நீர்மருதும் நீர்க்கடம்பும் தண்ணீருக்குள்ளேயே நின்றன. உதிர்ந்த சிவப்புப் பூக்கள் நீரை மூடியிருந்தன. வேர்களுக்கிடையே ஆரஞ்சு நிறத்தில் பொடிமீன்கள் பந்துபோலத் திரண்டு சுழல, கீழே தாய்மீன் காவலுக்கு நின்றது. அது கொர்ரமீனு என்று சொன்னாள். நம்மூர் விரால்தான்.

என் தோள்பையிலிருந்து நான் எடுத்த வரைபடத்தை எட்டிப் பார்த்து, இந்த இடம் எங்கே என்று தெலுங்கில் கேட்டாள். பழுப்புத் திட்டைக் காட்டினேன். அந்த நிறத்துக்கு என்ன அர்த்தம் என்றாள். எனக்குத் தெரிந்த அரைகுறைத் தெலுங்கில், "ஒன்றுக்கும் உதவாத நிலம்" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. "மீன் முட்டை போடுவது இங்கேதான். இது போனால் ஏரியில் வெறும் தண்ணீர்தான் இருக்கும். அப்புறம் நாங்கள் எதைப் பிடிப்பது?" என்றாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

மறுநாள் மேனேஜரிடம் போனேன். ஹைதராபாத்தை ஒட்டிய லாலாகுடாவில் பிறந்து வளர்ந்த தமிழர் அவர்; பேச்சில் ஊர் இந்தி கலந்துவரும், 'ஏன்' என்பதற்குக்கூட 'கைக்கு' என்பார்.

"மேப்தான் அனுப்பியாச்சே. மறுபடி கைக்கும்மா தொடணும்?"

"தப்பு என்னோடது சார். பார்க்காமலே கலர் போட்டுட்டேன்."

வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். "ஹவ், சரிம்மா, திங்கட்கிழமை நானும் வர்றேன். காட்டு" என்றார்.

வந்தார். சாலை இன்ஜினியரையும் கூட்டி வந்தார். 'நீரில் நிற்கும் மரக்காடு' என்று புதிதாக ஒரு வகை சேர்த்து, இரண்டு சனிக்கிழமை உட்கார்ந்து அந்தக் கரை முழுவதையும் திரும்ப வரைந்தேன். இன்ஜினியர் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. "பழைய மேப்பை நம்பியிருந்தா இதுமேலயே மண்ணைக் கொட்டியிருப்போம்" என்று மட்டும் இந்தியில் சொன்னார்.

ஒன்றரை வருடம் கழித்து அந்தப் பக்கம் போனேன். சாலை சற்று விலகி வளைந்திருந்தது. ஓரத்தில் ஏழெட்டு மரங்கள் போயிருந்தன. மற்றவை அப்படியே நின்றன. அந்தப் பெண்ணைப் பார்க்க முடியவில்லை. ஆனால் தண்ணீருக்குள் நாலைந்து மீன்கூடைகள் வைத்திருந்தார்கள்.

இப்போது என்னிடம் வேலை கற்க வருகிறவர்களிடம், படத்தில் புரியாத ஒரு திட்டு வந்தால் அதை வெறுமையாக விட்டுவிட்டு, முதலில் நேரில் போய் அங்கே யார் பிழைக்கிறார்கள் என்று கேட்டு வரச் சொல்கிறேன். என் தவறைத் திருத்திக்கொள்ள எனக்கு நேரம் கிடைத்தது, எல்லோருக்கும் அது கிடைத்துவிடாது.